குடியாத்தம் ஸ்டாப்பிங்

1

போன வாரம் என் மகள் செல்வியின் முதல் கடிதம் வந்தது. இதுவரை வந்த கடிதங்களில் அவள் பங்கு, ஓரத்தில் கையை வைத்துப் பென்சிலால் வரைந்த ஐந்து விரல்கள் மட்டும்தான். இது அவளே எழுதியது. ஒன்றாம் வகுப்பு. எழுத்து கோட்டுக்குள் நிற்காமல் மேலேயும் கீழேயும் நடந்துபோகிறது.

"அன்புள்ள அப்பாவுக்கு செல்வி எழுதுவது, நலம், நலமறிய ஆவல்" என்பதுவரை அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சொந்தச் சரக்கு. "போன தடவை நீங்க வந்தப்ப குடுத்த பொம்மைக்கு ஒரு கண்ணு மூட மாட்டேங்குது. அடுத்த தடவை வேற பொம்மை வேணும். தாடிய எடுத்துடாதீங்க. எனக்கு அடையாளம் தெரியாது."

நான் போன தடவை போகவில்லை. அவள் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை. தாடி மட்டும் கடிதம் வந்த அன்று இருந்தது, அது பத்து மாதப் பயிர்.

கடிதத்தின் அடியில் என் மனைவி கஸ்தூரியின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. "அவளே எழுதினது. நான் ஒண்ணும் திருத்தல. நீங்களே வந்து சொல்லிக்கோங்க."

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் இந்நேரம் வேறு மாதிரிக் கணக்குப் போட்டிருப்பார்கள். எங்கள் தெருவைப் பற்றி எனக்குத் தெரியாதா? அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. எல்லாம் ஒரு காகிதத்தால் வந்தது. பொறுமையாகச் சொல்கிறேன், இங்கே எனக்குப் பொறுமையைத் தவிர வேறு எதற்கும் வசதியில்லை.

2

என் பெயர் தாமோதரன். குடியாத்தத்தில் தறிக்காரத் தெரு. வீட்டில் எல்லோரும் லுங்கி நெய்ய, நான் மட்டும் ஆம்பூருக்கு பஸ் ஏறித் தோல் ஷாப்பில் செலக்‌ஷன் வேலைக்குப் போனேன். தோலைக் கையால் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது உண்ணி கடித்தது என்று பிரித்துப் போடுகிற வேலை. அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்குள் வந்தால் பாவு நூல்கூட நாறுகிறது என்பார்.

எழுபத்தெட்டில் வளைகுடாவுக்கு செலக்‌ஷன் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். நானும் அதே ஷாப்பில் வேலை பார்த்த பாஷாவும் கிளம்பினோம். பாஷா ஆம்பூர்க்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், அப்போதே மார்புவரை தாடி. நான் அவனை "பாய்" என்பேன். அவன் என்னைத் "தாமு" என்பான். பள்ளிகொண்டாவிலிருந்து ஏழுமலை என்கிற பையனும் சேர்ந்துகொண்டான். அவன் தோலையே தொட்டறியாதவன், விவசாயி வீட்டுப் பிள்ளை. உப்புத் தூவுவதற்கு வந்தான், சமையலும் அவன் தலையில் விழுந்தது.

இந்தத் துறைமுக ஊரில் ஆடு அறுக்கிற இடத்துக்குப் பின்னால் எங்கள் ஷெட். காலையில் லாரியில் பச்சைத் தோல் வரும். உப்புப் போட்டு அடுக்குவோம், பிரிப்போம், கட்டுவோம், கப்பலுக்கு அனுப்புவோம். ஒன்பது வருடமாக இதே வேலைதான். வெளிநாடு என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று ஊரில் நினைக்கிறார்கள். நான் பார்த்த வெளிநாட்டில் பாதி உப்பு. பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அவர் சீல் வைத்துக் காகிதம் கொடுத்தால்தான் விமான நிலையத்தின் வாசலையே மிதிக்க முடியும்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு "ரூட் போறது" என்று பெயர். லீவில் போய்விட்டு வருகிறவன் மற்ற இருவர் வீட்டுக்கும் நேரில் போயிருக்க வேண்டும். சாமானைக் கொடுத்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, எல்லோரையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, பாஷா தொழுகை முடிந்து வந்ததும், சோறு தின்றுவிட்டு மூன்று பேரும் பாயில் உட்காருவோம். வந்தவன்தான் கண்டக்டர். வேலூர் பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதி ஆரம்பிப்பான். முதலில் பள்ளிகொண்டா, ஏழுமலை வீடு. அங்கே பிரிந்து குடியாத்தம், என் வீடு. பிறகு ஆம்பூர், பாஷா வீடு. எந்த வீட்டுக்கு எந்த நாள் போனான் என்பதெல்லாம் பேச்சில்லை, பஸ் நிற்கிற வரிசைதான் வரிசை. தன் ஸ்டாப்பிங் வருவதற்கு முன்னால் யாரும் வாயைத் திறந்து கேட்கக் கூடாது. ஆரம்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டுக் கேட்டுக் கைகலப்பே ஆகிவிட்டது, அதனால் வந்த சட்டம் இது.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் எங்களுக்கு ஊர் என்பது அந்த ஒரு பஸ்தான்.

3

எண்பத்தொன்றின் தொடக்கத்தில் நான் முதல் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பினேன். அந்த வருடக் கடைசியில் செல்வி பிறந்தாள். எண்பத்து மூன்றில் அடுத்த லீவு. பொம்மைகூட வாங்கி வைத்துவிட்டேன், படுக்க வைத்தால் கண்ணை மூடுகிற பொம்மை. அப்போதுதான் அந்தக் காகிதம் வந்தது.

கம்பெனி ஆள் ஒருவன் ஷெட்டுக்கு வந்து மூன்று காகிதங்களை நீட்டினான். முழுக்க அரபி. கையெழுத்துப் போடு என்று பேனாவையும் நீட்டினான். இந்த மாதிரிக் காகிதங்களை எங்களுக்குப் படித்துச் சொல்கிறவர் அலுவலகத்தில் இருக்கும் மலையாளி வர்கீஸ். அவர் லீவில் போயிருந்தார். எங்களில் அரபி எழுத்து தெரிந்தவன் பாஷா ஒருவன்தான். சின்ன வயதில் மதரசாவில் ஓதக் கற்றவன். எழுத்தைக் கூட்டிப் பிசகில்லாமல் வாசிப்பான். அர்த்தம் தெரியாது, கடைத்தெரு அரபிதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாஷா உப்புக் கையைக் கழுவினான். முகம் கழுவினான். கர்ச்சீப்பைத் தலையில் கட்டிக்கொண்டு காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினான். அதைப் பார்த்து நானும் ஏழுமலையும் எழுந்து நின்றோம், உட்கார்ந்திருப்பது மரியாதையாகப் படவில்லை. அவன் நிறுத்தி நிறுத்தி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி வாசித்தான். அவ்வளவு அழகான குரல் அந்த ஷெட்டில் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டான். கம்பெனி ஆளே பேனாவை இறக்கிவிட்டு பாஷாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"இன்னா பாய் எழுதிருக்குது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது தாமு," என்றான்.

போட்டோம். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். லீவு கேட்ட அன்று வர்கீஸ் அந்தக் காகிதத்தின் நகலை எடுத்துப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். மூன்று வருடத்துக்கு லீவு கேட்க மாட்டோம் என்று நாங்களே மனமுவந்து எழுதிக்கொடுத்திருந்தோம்.

பாஷாவைக் கிழித்துத் தொங்கவிட்டேன். இரண்டு நாள் கழித்து, தோலைப் புரட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அந்த எழுத்துல கெட்டது எழுதுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல தாமு."

இதற்கு மேல் அவனை என்ன சொல்வது? நானும்தானே எழுந்து நின்றேன்.

4

எண்பத்தைந்தில் பாஷாவுக்குத் தந்தி வந்தது. அவன் அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்து, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முதலாளி யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னார். நாற்பது நாள் போகலாம். மற்ற இருவரும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். பாஷா திரும்பவில்லை என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் லீவு என்ற பேச்சே கிடையாது. இந்தத் தடவை வர்கீஸ் இரண்டு முறை படித்துச் சொன்ன பிறகுதான் போட்டோம். என்னை மாட்டிவிட்டவனுக்கே நான் ஜாமீன். கை கொஞ்சம் தயங்கியது, மறைக்க மாட்டேன்.

பொம்மையை அவனிடம் கொடுத்தேன். "என் பொண்ணக் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு பாய். பல்லு எத்தினி, நெறம் எப்படி, பேசுதா, யாரு ஜாடை, எல்லாம் வேணும்," என்றேன்.

"ஒண்ணு விடாம சொல்றேன்," என்றான்.

நாற்பது நாளும் நானும் ஏழுமலையும் மனசுக்குள் ஒருவனைத் திட்டிக்கொண்டும் அவனுக்காகவே வேண்டிக்கொண்டும் இருந்தோம். முப்பத்தொன்பதாவது நாள் வந்து நின்றான். வீட்டில் எல்லோரும் போகாதே என்று அழுதிருக்கிறார்கள். ஆம்பூரிலேயே பழைய ஷாப்பில் வேலைகூடச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் கையெழுத்துக்காக வந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏழுமலை குஸ்கா செய்திருந்தான். பாஷா விசில் ஊதினான். பம்பாய் கஸ்டம்ஸில் பெட்டியைத் திறந்ததும் அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே என்ன செத்துக் கிடக்கிறது என்று கேட்டதையும், ரயில் மாறி மாறிக் காட்பாடி வந்து சேர்ந்ததையும் சொன்னான். வேலூர் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்காரனோடு பெட்டிக்காகச் சண்டை போட்டதையும் சொன்னான். விழுந்து விழுந்து சிரித்தோம். பள்ளிகொண்டா வந்தது.

"எறங்கு எறங்கு, பள்ளிகொண்டா," என்றான் பாஷா. "உங்கம்மா நல்லா இருக்காங்கடா. எருமை கன்னு போட்டுருக்குது. உனக்குப் பொண்ணு பாத்துட்டாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க என்னாண்ட கேட்டாங்க, மாப்ள அங்க இன்னா வேலைன்னு."

"நீ இன்னா சொன்ன பாய்?"

"சூப்பர்வைசர்னேன்."

"எதுக்கு சூப்பர்வைசர்?"

"உப்புக்கு."

ஏழுமலை வெட்கத்தில் கோரைப்பாயைப் பிய்த்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்தது என் ஸ்டாப்பிங். நான்கு வருடமாக நான் காத்திருந்தது அதற்காகத்தான்.

பாஷா தண்ணீர் குடித்தான். "குடியாத்தம் ரோடு ரிப்பேரு," என்றான். "பஸ்ஸு நேரா ஆம்பூர்."

அவன் அம்மாவின் இடுப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். எனக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. அந்த ரூட் ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் ஒரு ஸ்டாப்பிங்கைத் தாண்டியதில்லை.

5

மூன்று நாள் அவனைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்ற பயம். என் மனசுக்குள் ஊரில் இருக்கிற எல்லோரையும் ஒவ்வொருவராகச் சாகடித்துப் பார்த்துவிட்டேன். நான்காவது நாள் பகல், உப்பு மூட்டைக்குப் பின்னால் அவனைப் பிடித்தேன்.

"யாரு செத்தது, சொல்லிடு."

"யாரும் சாகல. எல்லாரும் நல்லா இருக்காங்க. அல்லா மேல ஆணையா."

"அப்ப எதுக்குத் தாண்டுன?"

பாஷா மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டான். நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

"வாசல்ல பொட்டிய எறக்கி வெச்சேன் தாமு. உள்ளருந்து உன் பொண்ணு ஓடி வந்துச்சு. பொட்டியப் பாத்துச்சு, என் மூஞ்சியப் பாத்துச்சு. 'அப்பா'ன்னு என் ரெண்டு காலையும் கட்டிக்கிச்சு."

நான் கையிலிருந்த ஒரு தோலைச் சுருட்டினேன்.

"நான் அப்பா இல்லம்மா, அப்பாவோட தோஸ்துன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள என் வெரலப் புடிச்சு இழுத்துக்கினு தெருவுல போவுது. எங்கப்பா வந்துட்டாரு, எங்கப்பா வந்துட்டாருன்னு ஒவ்வொரு வூடா சொல்லுது. தறிய நிறுத்திட்டு எல்லாம் வெளிய வந்து பாக்குறாங்க. உன்னத் தெரியாத ஆளு அந்தத் தெருவுல உண்டா? ஒருத்தர்கூட வாயத் தொறக்கல. ஒரு பெரியவர் மட்டும், 'வாப்பா, எப்ப வந்த'ன்னு என்னக் கேட்டாரு."

"கஸ்தூரி எங்க போனா?"

"லுங்கிக் கட்டு குடுக்கப் போயிருந்துச்சு. திரும்பி வர்றப்ப கொழந்த என் மடியில உக்காந்து பொம்மைய வெச்சுக்கினு இருக்குது. தங்கச்சி வாசல்லயே நின்னுடுச்சு. நான் எந்திரிக்கப் பாத்தேன். 'இருக்கட்டும்ணா, இன்னிக்கு ஒரு நாளு இருக்கட்டும்'னு சொல்லிட்டு உள்ள போய் அடுப்பு பத்த வெச்சுது."

கூடத்துச் சுவரில் என் படம் மாட்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது. பாஷா அதைக் காட்டி, இது யாரும்மா என்று கேட்டிருக்கிறான். அதிலாவது புரியட்டும் என்று.

"இன்னா சொல்லுச்சு?"

"'அது போட்டோ அப்பா. நீ வந்த அப்பா'ன்னுச்சு."

நான் கையிலிருந்த தோலை வீசினேன். அது அவன் மேல் படவில்லை, படத்தான் வீசினேன். மூன்றரை வயதுக் குழந்தையிடம் உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதாதா என்று கத்தினேன். அவன் எழுந்து வந்து தோலை எடுத்து, உதறி, அடுக்கில் வைத்தான்.

"அது அழுமேன்னு மட்டும் நான் சும்மா இருக்கல தாமு. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். என் பசங்க ரெண்டு பேரும் பொட்டியத் தொறந்து பாத்தானுங்க. எப்பப்பா திரும்பிப் போறன்னு கேட்டானுங்க. கிரிக்கெட் ஆடப் போய்ட்டானுங்க. உன் பொண்ணு சாயந்தரம் வரைக்கும் என் வெரல வுடல. எனக்கும் அது வேண்டியிருந்துச்சு."

6

ஒன்பது நாள் அவனோடு நான் பேசவில்லை. ஒரே அறையில், ஒரே சட்டியில் தின்றுகொண்டு பேசாமல் இருப்பது லேசான வேலையில்லை. பாவம் ஏழுமலை, நடுவில் மாட்டிக்கொண்டான். "அண்ணா, கொழம்புல உப்பு சரியா இருக்குதான்னு பாய் கேக்கச் சொன்னாரு" என்பான். "நாளெல்லாம் உப்புலதான கெடக்கறோம், இன்னும் இன்னா உப்புன்னு சொல்லு" என்பேன். அவன் திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாஷாவிடம் அதை மரியாதையான வார்த்தையில் மாற்றிச் சொல்லுவான்.

கோபம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் இல்லை, பொறாமை. என் குழந்தை கட்டிக்கொண்ட கால்களை அவன் தினமும் என் கண்ணெதிரே கழுவிக்கொண்டிருந்தான். அவளுக்கு அப்பா என்றால் இனி அவன் முகம்தான். நான் போய் நின்றால் என்னை யார் என்று கேட்பாள். போகவும் முடியாது. போகாமல் இருக்க இருக்க அவன் முகம் அவளுக்குள் கெட்டிப்படும். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது.

பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. சாப்பிட்டு முடித்ததும் நான் பாயில் உட்கார்ந்தேன்.

"குடியாத்தம் சொல்லு," என்றேன்.

பாஷா ஒரு கணம் என்னைப் பார்த்தான். விசில் ஊதவில்லை. மெதுவாக ஆரம்பித்தான். மேல் வரிசையில் எத்தனை பல், கீழே எத்தனை. நிறம் கஸ்தூரி மாதிரி, நெற்றி என் மாதிரி. சோற்றில் ரசத்தை ஊற்றினால் பிடிக்காது, தனியாகக் குடிக்க வேண்டும். தறிச் சத்தம் நின்றால் தூக்கம் கலைந்துவிடும். அவன் தாடியை முறுக்கிப் பார்த்துவிட்டு, குத்துது என்று சொல்லிவிட்டு, மறுபடி முறுக்கினாளாம்.

அடுத்த வெள்ளியும் கேட்டேன். அதற்கடுத்த வெள்ளியும். ஒரே பகலை அவன் எத்தனை தடவை சொன்னானோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் விட்டுப்போன ஒன்று கிடைக்கும். வீட்டு வாசல்படியில் அவள் எந்தக் காலை முதலில் வைப்பாள் என்பதுவரை எனக்குத் தெரியும். என் வீட்டை நான் அவன் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு கண் எனக்கு இல்லை.

7

மூன்று வருடம் முடிந்தது. ஆனால் ஒருவன் போய் வந்த பிறகு ஒரு வருடம் மற்றவன் போகக் கூடாது என்று முதலாளி புதிதாக ஒன்று சொன்னார். எண்பத்தாறில் என் முறை வந்தபோது ஏழுமலைக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள். பெண் வீட்டுக்கு உப்பு சூப்பர்வைசர் நேரில் போய் நிற்காவிட்டால் கல்யாணமே நின்றுவிடும். அவன் வாயைத் திறந்து கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிக் கிளம்புவது? விட்டுக்கொடுத்தேன். அன்று முழுக்க என் பெருந்தன்மையை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழுமலை திரும்பி வந்து ரூட் போனான். குடியாத்தத்தில் நிறுத்தினான்.

"பாப்பா என்ன மாமான்னு கூப்டுச்சுண்ணா. எங்கப்பா நல்லா இருக்காரான்னு கேட்டுச்சு. தாடி அப்படியே இருக்குதான்னு கேட்டுச்சு."

பாஷா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் காலையிலிருந்து நான் சவரம் செய்வதை நிறுத்தினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முதல் மாதம் அரிப்பு, இரண்டாம் மாதம் உப்புத் தூள் உள்ளே போய் எரிச்சல். பாஷா ஒரு சின்னக் கத்தரிக்கோல் வாங்கி வந்தான். எண்ணெய் தடவி, தன் தாடியின் வாகிலேயே ஒதுக்கிவிட்டான். கண்ணாடியில் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி என்று சொல்லலாம். பெற்ற மகளைப் பார்க்க ஒருவன் இப்படியெல்லாம் வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

பத்து மாதம் ஆயிற்று. இந்த வருடம் லீவு எனக்கு, அதே நாற்பது நாள். பாஷாவும் ஏழுமலையும் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வந்தால் திரும்பிப் போகக் கூடாது என்று கஸ்தூரி எழுதுகிறாள். நான் திரும்பாவிட்டால் ஏழுமலை தன் புதுப் பெண்டாட்டியை எப்போது பார்ப்பான், பாஷாவின் அம்மா பிள்ளையை எப்போது பார்ப்பாள் என்பதை அவளுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த நிலையில்தான் போன வாரம் செல்வியின் கடிதம் வந்தது. தாடிய எடுத்துடாதீங்க. நான் அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறேன் என்று பாஷாவிடம் பீற்றிக்கொண்டேன்.

நேற்று வர்கீஸ் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் என் பாஸ்போர்ட் இருந்தது. ஒன்பது வருடத்தில் இரண்டாவது தடவையாக அதைப் பார்க்கிறேன். திறந்து போட்டோவைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார். மீசை மட்டும் வைத்த ஒல்லிப் பையன் அதில் முறைத்துக்கொண்டிருந்தான்.

"இது வேற ஆளு, இது வேற ஆளு," என்றார். "ஏர்போர்ட்டில் விட மாட்டான். தாடி எடுத்திட்டு வரணும். திரும்பி வரும்போதும் இதே மாதிரி இருக்கணும், கேட்டோ."

"போட்டோவ மாத்த முடியாதா சார்?"

"மாத்தலாம். ஆறு மாசம் ஆகும். லீவு போயிடும்."

அந்தப் போட்டோதான் எங்கள் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது.

இன்று காலை பாஷாதான் எடுத்துவிட்டான். வெளியே கடையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் முதலில் கத்தரித்தான், பிறகு சோப்புப் போட்டான். ஏழுமலை பக்கத்தில் சொம்போடு நின்றான். முடிந்ததும் பாஷா துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான்.

"அப்படியே போட்டோ மாதிரி இருக்க தாமு," என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் பட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணும் பேஜார் இல்ல," என்றான். "எறங்குன அன்னிலருந்து சவரம் பண்ணாத. நாப்பது நாள்ல ஓரளவுக்கு வந்துடும். அப்ப அடையாளம் கண்டுக்கும்."

அவன் சொல்வது சரிதான். நாற்பதாவது நாள் வாக்கில் எனக்குத் தாடி வந்துவிடும். அன்றைக்கு என் மகள் என்னைப் பார்த்து அப்பா என்று ஓடி வந்தாலும் வரலாம். அன்றைக்கே நான் அதைச் சவரம் செய்துவிட்டு, காட்பாடியில் ரயில் ஏற வேண்டும்.